மொட்டை மாடியை விடுங்கள், பில்லை எடுங்கள்

வீட்டுச் சோலார் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எத்தனை கிலோவாட் போடலாம்? அதனால் அதையே முதலில் எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் நீளமாகவே போய்விட்டது. எல்லாமே கிரிட்டோடு, அதாவது மின் நிறுவனத்தின் லைனோடு, இணைந்து ஓடும் ஆன்-கிரிட் வகையைப் பற்றித்தான்.

கேள்வி: மாடியில் 60 சதுர மீட்டர் காலியாக இருக்கிறது. அளக்க வந்தவர் 6 கிலோவாட் தாராளமாகப் போடலாம் என்கிறார். எங்களுக்கு மாதம் சராசரியாக 360 யூனிட் ஓடுகிறது. போட்டுவிடலாமா? – பில் கட்டி அலுத்தவர்

அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. நடக்க, துடைக்க இடம் விட்டு ஒரு கிலோவாட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 60-இல் 6 கிலோவாட் உட்காரும். ஆனால் அது உங்கள் மாடிக்கு எவ்வளவு பிடிக்கும் என்கிற கணக்கு. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பது மாடியில் இல்லை, பில்லில் இருக்கிறது.

மாதம் 360 என்றால் ஒரு நாளைக்கு 12 யூனிட். இது ஒரு மாதத்துக் கணக்காக இருக்கக் கூடாது, பன்னிரண்டு மாத பில்லையும் கூட்டி 365-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏசி ஓடும் மாதமும் ஓடாத மாதமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அடுத்து, உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் 'முழு வெயில்' என்று பார்க்க வேண்டும். காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலை எல்லாம் உச்சி வெயிலாகச் சுருக்கினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதுதான் இது. வருட சராசரி மேகமூட்டமான ஊர்களில் 3 கூட இருக்கும், நல்ல வெயில் ஊர்களில் 5, 6 வரும். பிவிஜிஐஎஸ், பிவிவாட்ஸ் என்று இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. முன்னது ஐரோப்பிய ஆணையத்துடையது, பின்னது அமெரிக்க அரசு ஆய்வுக்கூடம் ஒன்று உருவாக்கியது. வீடு இருக்கும் இடத்தைக் கொடுத்தால் மாதவாரியாகவே சொல்லிவிடும்.

உங்கள் ஊருக்கு 5 என்று வைப்போம். ஒரு கிலோவாட் பேனல் 5 யூனிட் கொடுத்துவிடாது. சூடு, தூசு, ஒயர், பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டு முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் நமக்கு வரும். 0.77-ஆல் பெருக்கினால் 3.85 யூனிட். 12-ஐ 3.85-ஆல் வகுத்தால் 3.1 கிலோவாட். 550 வாட் பேனல் ஆறு போட்டால் 3.3 ஆகிவிடும். அவர் சொன்னதில் பாதிதான்.

சரி, 6 போட்டால் என்ன கெட்டுவிடும்? ஒரு நாளைக்கு 23 யூனிட் வரும், கூட்டிக் கழித்தால் 12 உங்களுக்கு, 11 கிரிட்டுக்கு. அந்த 11-க்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை மின் நிறுவனத்திடம் கேட்காமல் சைஸ் முடிவு செய்யாதீர்கள். கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் நேருக்கு நேர் கழித்தால் அது நெட் மீட்டரிங். அப்படியானால் வருட உபயோகத்தை ஒட்டிப் போடலாம். அதற்கு மேல் போனால், மிச்ச யூனிட்டைக் கணக்கு முடிக்கும்போது என்ன செய்வார்கள், அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவார்களா, குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்களா, அழித்தே விடுவார்களா என்று விதியைப் படியுங்கள். நீங்கள் எடுப்பதற்கு ஒரு விலை, கொடுப்பதற்கு வேறு விலை என்றால் அது நெட் பில்லிங். அங்கே கதையே வேறு.

உதாரணத்துக்கு, கொடுக்கும் யூனிட்டுக்கு எடுக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று வையுங்கள். பகலில் வீட்டில் 5 யூனிட்தான் ஓடுகிறது. நாலு பேனல், அதாவது 2.2 கிலோவாட் போட்டால் வருவது எட்டரை. 5 நேராக மிச்சம், மீதி மூன்றரைக்குக் கிடைப்பது 1.2 யூனிட்டுக்குச் சமம், ஆக 6.2. ஆறு பேனல் போட்டால் வருவது பன்னிரண்டரைக்கு மேல், ஆனால் அதே கணக்கில் கைக்கு வருவது 7.6-தான். பாதிக்குப் பாதி கூடுதலாகப் போட்டும் 1.4 யூனிட்தான் ஏறியிருக்கிறது. இதை விற்க வருகிறவர் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

அந்தப் பகல் 5 யூனிட்டை எங்கே கண்டுபிடிப்பது? ஒரு நோட்டை மீட்டர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். காலை எட்டுக்கு ஒரு ரீடிங், மாலை ஐந்துக்கு ஒரு ரீடிங், ஒரு வாரம், லீவு நாளும் சேர்த்து. காலை 4,812.3, மாலை 4,817.1 என்றால் அன்று பகலுக்கு 4.8. அவ்வளவுதான் வேலை. மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலுக்கு மாற்றினால் அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் அடுத்த வாரம் பார்த்துவிடலாம்.

நாளைக்கு எலெக்ட்ரிக் கார் வாங்குவதாக இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்றால் தினம் 30 ஓட 5 யூனிட், அதற்கே 1.3 கிலோவாட் தனியாக வேண்டும். காரைப் பகலில் வீட்டில் நிறுத்துகிறவரா என்பது அடுத்த கேள்வி.

கேள்வி: சோலார் போட்ட பிறகும் கரண்ட் போனால் வீடு இருட்டாகத்தான் இருக்கிறது. வெயில் கொளுத்தும்போது கூட! எங்களை ஏமாற்றிவிட்டார்களா? – மூன்று மாத அனுபவசாலி

ஏமாற்றவில்லை, ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லைன் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றே ஆக வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு மின்சாரம் தெருவுக்குள் ஏறினால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி என்ன? இந்தப் பாதுகாப்புக்கு ஆன்டி-ஐலேண்டிங் என்று பெயர். கரண்ட் வந்த பிறகும் சில நிமிடம் லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப இணையும்.

இருட்டில் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அவசியமான சர்க்யூட்களை மட்டும் அதன் பேக்கப் பக்கம் பிரித்துக்கொடுக்க வேண்டும். விளக்கு, ஃபேன், வைஃபை எல்லாம் 300 வாட், நாலு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் 1.2 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது தொண்ணூறு சதவீதம் எடுக்கலாம், லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். கரண்ட் எப்போதாவதுதான் போகிறது, நெட் மீட்டரிங்கும் இருக்கிறது என்றால் நான் பேட்டரிக்குப் போகமாட்டேன்.

கேள்வி: 550 வாட் என்று எழுதியிருக்கிற பேனல் நல்ல மத்தியான வெயிலில் 440-ஐத் தாண்டவில்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? – ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பவர்

வேண்டாம், அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அட்டையில் இருக்கும் 550, சோதனைக்கூடத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது எடுத்தது. உங்கள் மாடியில் மத்தியானம் செல் 60, 65 டிகிரிக்குப் போய்விடும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இறங்கும் ரகம் என்றால் 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு, 473 ஆகிவிட்டது. அப்புறம் தூசும் ஒயரும் இன்வெர்ட்டரும் கொஞ்சம் கொஞ்சம். சில்லென்று காற்று அடித்து, மேகம் விலகி, திடீரென்று வெயில் விழும் ஒரு நிமிடத்தில் பாருங்கள், 550-ஐத் தொட்டாலும் தொடும்.

இதனால்தான் 3.3 கிலோவாட் பேனலுக்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும் என்கிறார்கள். பேனல் இன்வெர்ட்டரைவிடக் கால் பங்கு வரை பெரிதாக இருப்பது சாதாரணம். அந்த இன்வெர்ட்டர் தாளில் அனுமதித்த உச்ச டிசி அளவை மட்டும் தாண்டக் கூடாது.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் ஒரு பேனலின் ஓரத்தில் மட்டும் விழும். பத்தில் ஒன்றின் ஓரம்தானே, விட்டுவிடலாமா? – தொட்டி நிழல்காரர்

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டில் அளந்தது கோடையில், அப்போது சூரியன் தலைக்கு மேல், காற்றுப்போக்கிக் குழாயின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. குளிர்காலத்தில் சூரியன் சரிந்ததும் கை மொத்தம்கூட இல்லாத அந்தக் குழாயின் நிழல் கோடு போட்ட மாதிரி இரண்டு பேனலைக் குறுக்கே வெட்டியது. ஒரு மாதம் யூனிட் ஏன் குறைகிறது என்று இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு செல் இருட்டினால் அதே வரிசையில் இருக்கிற எல்லாவற்றின் ஓட்டமும் சுருங்கும், தோட்டக் குழாயை ஓரிடத்தில் மிதித்த மாதிரி. அதற்காகத்தான் பேனலுக்குப் பின்னால் பைபாஸ் டையோடு, பொதுவாக மூன்று, வைக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றது ஓடும். அதாவது ஓரத்தில் கொஞ்சம் நிழல் என்றாலும் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போகலாம். காலை ஒன்பதுக்குள் விலகும் நிழலுக்கு நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன், அந்த நேரத்து உற்பத்தியே கொஞ்சம்தான். பத்திலிருந்து மூன்று வரை விழுந்தால் பேனலை நகர்த்துங்கள். நகர்த்தவே முடியாது என்றால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓடவிடும் மைக்ரோ இன்வெர்ட்டர் அல்லது ஆப்டிமைசர். நிழலே இல்லாத மாடிக்கு அவற்றை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே வரிசையில் பதினொரு பேனல் போடலாமா, இன்வெர்ட்டரில் 550 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. பேனல் 50 வோல்ட். கணக்கு சரியாக வருகிறதே? – நானே டிசைன் செய்கிறவர்

சரியாக வருவதுதான் ஆபத்து. அந்த 50, 25 டிகிரியில் எடுத்த ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது பேனல் எதனோடும் இணையாமல் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்டேஜ். குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். 5 டிகிரிக் காலையில் வெயில் விழும் நொடியில் 550 என்பது 580 ஆகும், இன்வெர்ட்டர் புகைந்துவிடலாம், வாரண்டியும் கிடைக்காது. உங்கள் ஊரில் இதுவரை பார்த்த குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்துப் போடுங்கள். பத்து போதும். ரொம்பக் குறைத்தாலும் சூட்டில் வோல்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடத் தேவையான எம்பிபிடி வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் என்று காட்டி நின்று நின்று வருகிறது. இன்வெர்ட்டர் கோளாறா? – பக்கத்து வீட்டிலும் சோலார்

உங்கள் கையெழுத்திலேயே பாதி பதில் இருக்கிறது. கிரிட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ள இன்வெர்ட்டர் தன் பக்கத்து வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தித்தான் ஆக வேண்டும். தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் லைனே ஏறிக்கிடக்கும், அதற்கு மேல் உங்கள் ஒயர் மெலிசாக இருந்தால் இன்வெர்ட்டர் எல்லையைத் தாண்டி நின்றுவிடும். மாடியிலிருந்து மீட்டர் வரை 40 மீட்டர், 5 கிலோவாட், 230 வோல்ட் சிங்கிள் பேஸ், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வையுங்கள். சுமார் 22 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரில் மட்டும் 8 வோல்ட் ஏறிவிடும். அதையே 10 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் 3 வோல்ட் சொச்சம். முதலில் ஒயரை அளந்து பாருங்கள், அதில் குறை இல்லை என்றால் மத்தியான வோல்டேஜைக் குறித்து மின் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றிலும் '25 வருட வாரண்டி' என்று இருக்கிறது. எதைப் பார்ப்பது? – குழம்பியவர்

அந்த 25 வருடம் அநேகமாக உற்பத்தி எவ்வளவுக்குக் கீழே போகாது என்கிற வாரண்டி. பேனலே உடைந்து, உரிந்து போனால் என்ன என்பது புராடக்ட் வாரண்டி, அது வேறு எண், தனியாகக் கேளுங்கள். இன்வெர்ட்டர் 10 முதல் 15 வருடத்தில் ஒருமுறை மாறும், அதை இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் முழு மாடல் எண்ணும் இல்லாத கொட்டேஷனைக் கீழே போட்டுவிடலாம். ஒயர் அளவு, எர்த்திங், மின்னலால் எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் எஸ்பிடி, பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மாடியைத் துளைத்தால் ஒழுகலுக்கு யார் பொறுப்பு என்பதும்தான். இன்னொன்று, பேனல் ஒயர்களைக் கோக்கும் எம்சி4 கனெக்டரின் இரண்டு முனையும் ஒரே தயாரிப்பாளருடையதா என்று வேலை நடக்கும்போது கேளுங்கள். பொருந்துகிற மாதிரி தெரிந்தாலும் வேறு வேறு தயாரிப்பைக் கோத்தால் சூடேறி உருகும், தீப்பிடிப்பதும் உண்டு.

கேள்வி: பேனலை எந்தத் திசை பார்த்து வைப்பது? – ஒரு வரிக் கேள்விக்காரர்

பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் தெற்கு, தெற்கே இருந்தால் வடக்கு, சாய்வு ஏறக்குறைய உங்கள் ஊரின் அட்சரேகை. காலையும் மாலையும்தான் உபயோகம், கிரிட்டுக்குக் கொடுப்பதற்கு விலையும் இல்லை என்றால் கிழக்கு மேற்காகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், மொத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் வேண்டிய நேரத்தில் வரும்.

கேள்வி: கழுவ வேண்டுமா? – சோம்பேறி

மழை பாதி வேலையைச் செய்துவிடும், பறவை எச்சத்தை மட்டும் செய்யாது. விடியற்காலையில் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.