டெக்சாஸில் தொழில் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்வார்களா?

வணக்கம். ஹூஸ்டனில் உணவகத்தை மூடிவிட்டீர்கள், மளிகை சப்ளை செய்தவர் உங்கள் பெயரில் கோர்ட் தீர்ப்பு வாங்கி அதைக் கவுண்டி (மாவட்ட) பதிவேட்டில் பதிந்துவிட்டார், வீடு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இன்று இரவு நன்றாகத் தூங்குங்கள். அந்தக் கடனுக்காக நீங்கள் குடியிருக்கும் வீட்டை விற்க வைக்க முடியாது.

டெக்சாஸ் அரசியலமைப்பே தரும் காப்பு இது. வீட்டின் விலைக்கு வரம்பு இல்லை; நகரத்தில் 10 ஏக்கர் என்ற நில வரம்பு மட்டும்தான். ஆனால் வீட்டுக் கடன், சொத்து வரி, வீட்டின் மேல் எடுத்த ஈக்விட்டி கடன் இவற்றுக்கு இது செல்லாது. ஒரு தவணைகூடத் தவற விடாதீர்கள். சப்ளையர் கடனை அடைக்க ஈக்விட்டி கடன் எடுக்கவே எடுக்காதீர்கள், பத்திரமாக இருக்கும் வீட்டை நாமே அடமானம் வைத்ததாகிவிடும்.

சொத்து வரி குறைய, சொத்தை மதிப்பிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் கொடுக்கும் ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீடு) விண்ணப்பம் வேறு விஷயம். அதைக் கொடுக்க மறந்திருந்தாலும் இந்தக் காப்பு போகாது. அங்கே குடியிருப்பதுதான் முக்கியம்.

அப்புறம், வீட்டை விற்கப் போனால் வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி இந்தத் தீர்ப்பைக் காட்டி விற்பனையை நிறுத்தும். அதற்கு, இது நான் குடியிருக்கும் வீடு என்று உறுதி சொல்லும் ஹோம்ஸ்டெட் பிரமாணப் பத்திரம் உண்டு. அந்தப் பத்திரத்தைப் பதிவதற்கு 30 நாள் முன்பே சப்ளையருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். விற்ற பணத்துக்கும் 6 மாதம் காப்பு உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வங்கிக் கணக்கைப் பற்றித்தான் கவலைப்படுவேன். சம்பளத்தைத் தொட முடியாது, ஆனால் கணக்கில் விழுந்துவிட்டால் அதை முடக்கலாம். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.