ஸயான் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்காவில் நடப்பது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். நான் திரும்பத் திரும்பப் போய் நடந்த இடம் அது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: கையில் ஒரே ஒரு நாள்தான். எங்கே நடப்பது?

பதில்: யோசிக்கவே வேண்டாம், நேரோஸ். வர்ஜின் ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்கு அது. ஷட்டில் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரமாக 1.6 கி.மீ. நடந்தால் பாதை முடிந்துவிடும். அப்புறம் ஆறுதான் பாதை. உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கி வரும். வால் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்படும் பகுதியில் சில இடங்களில் அகலம் 7 மீட்டர்கூட இருக்காது. இரு பக்கமும் செங்குத்தாக 300 மீட்டர் பாறை. பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை போய்த் திரும்பச் சுமார் 15 கி.மீ. இதற்குத் தனி அனுமதி தேவையில்லை. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

கேள்வி: வானம் தெளிவாக இருந்தால் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டியதில்லைதானே?

பதில்: இந்த நினைப்புதான் ஆபத்து. உங்கள் தலைக்கு மேல் நீல வானமாக இருக்கும். பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே தண்ணீரைக் குடிக்க மண் இல்லை, தாங்க மரங்களும் அதிகம் இல்லை. வெறும் பாறை. விழுந்த மழை அப்படியே வழிந்து, இருக்கிற ஒரே இடுக்கு வழியாகப் பாய்கிறது. 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள்.

நேரோஸில் ஒருமுறை நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு ஆள் உயரத்தில், பாறை வெடிப்பில் ஒரு மரக்கட்டை செருகி நிற்கும். பட்டை உரிந்து, வெளுத்து, எலும்பு மாதிரி இருக்கும். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது வெள்ளம். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த எச்சரிக்கைப் பலகையும் தேவைப்படவில்லை.

வெள்ள வாய்ப்பு எவ்வளவு என்று பூங்கா தினமும் அறிவிக்கும். காலையில் அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, தூரத்தில் இரைச்சல் கேட்டாலோ உடனே மேடான இடத்துக்கு ஏறுங்கள். வெளியே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் உங்களை முந்திவிடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும், நேரோஸை மூடிவிடுவார்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இடிமழைக் காலம். ஜூன் கடைசி அல்லது அக்டோபர் என் தேர்வு.

கேள்வி: செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆற்றடியில் பந்து பந்தாக வழுக்கும் கற்கள். கலங்கலில் கண்ணுக்குத் தெரியாது. விரல்களை மூடி, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். கையில் உறுதியான கம்பு ஒன்று. கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு அப்புறம் காலை வையுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது, அதற்கான பையை எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

கேள்வி: ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. வர்ஜின் ஆற்றில் நச்சை உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசி இருக்கிறது. சாதாரண வடிகட்டி அந்த நச்சை நீக்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் சுமந்து செல்லுங்கள். கொறிக்க உப்புள்ளதாக ஏதாவது இருக்கட்டும்.

கேள்வி: ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஒன்பது வயது மகளை அழைத்துப் போகலாமா?

பதில்: சங்கிலியைப் பிடித்து ஏறும் கடைசிப் பகுதிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். குறுகிய பாறை முதுகு, இரு பக்கமும் பாதாளம். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் குலுக்கலில் அனுமதியும் வாங்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வரும் ஸ்கவுட் லுக்கவுட் வரை அனுமதி இல்லாமலே போகலாம். வழியில் வால்ட்டர்ஸ் விகிள்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள், 1926-இல் கட்டியவை. மகளை எண்ணிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள், களைப்பு தெரியாது.

கேள்வி: நான் போனபோது ஒரு மாதமாக மழையே இல்லை என்றார்கள். ஆனால் பாறைச் சுவரில் தண்ணீர் ஒழுகியது. எப்படி?

பதில்: நல்ல கேள்வி. அந்தச் சுவர் ஒரு காலத்தில் மணல்மேடு. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த பாலைவன மணல் இறுகி, 600 மீட்டருக்கு மேல் தடிமனுள்ள நவாஹோ மணற்பாறையானது. சுவரில் சாய்வாக ஓடும் கோடுகள் அந்த மேடுகளின் சரிவுகள்தான். மேலே விழும் மழையும் பனியும் மணல் துகள்களுக்கு இடையில் மெல்ல மெல்ல இறங்கும். அடியில் தண்ணீரை எளிதில் விடாத கயெண்டா என்ற பாறை அடுக்கில் தட்டி, பக்கவாட்டில் வெளியேறும். நீங்கள் பார்த்த அந்தச் சொட்டு, மேலே விழுந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல்கூட ஆகியிருக்கலாம்.

அந்த ஈரத்தில்தான் பெரணிகள் தொங்குகின்றன. அடுத்த முறை சுவருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். கறுப்புப் புள்ளி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது ஸயான் நத்தையாக இருக்கலாம். உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது.