ஆபர்ன் அவென்யூ அருகே பழைய வீடு வாங்கலாமா?

அட்லாண்டா டவுன்டவுனில் வேலை, ஆபர்ன் அவென்யூ அருகே பழைய வீடு பார்த்திருக்கிறீர்கள், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆறு வருடமாக அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன்.

அவர்கள் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனம், சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி, எபனேசர் தேவாலயம் என்று கறுப்பின மக்கள் தாங்களே கட்டி எழுப்பிய தெரு அது. 1929இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும் அங்கேதான். அதன் நடுவே நெடுஞ்சாலையைக் கொண்டுவந்து தெருவை இரண்டாக வெட்டினார்கள். 2012இல் பெல்ட்லைன் எனப்படும், பழைய ரயில் பாதையில் அமைத்த நடைபாதையின் கிழக்குப் பகுதி திறந்த பிறகு வீட்டு விலையோடு சொத்து வரியும் ஏறியது. விற்கிறீர்களா என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். உங்களையும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், பாவம்.

வாங்குவதாக இருந்தால் முதலில் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். உயில் எழுதாமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கைமாறிய வீடாக இருந்தால், ஒரு பங்காளியின் கையெழுத்து விட்டுப்போனாலும் சிக்கல்தான். பழமையைக் காக்க அறிவித்த மரபுப் பகுதியின் எல்லைக்குள் இருந்தால் வெளிப்புறத்தை மாற்ற நகராட்சி அனுமதி வேண்டும். வரி மதிப்பீடு அதிகமாக வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதை எனக்குச் சொன்னதே எதிர்வீட்டு அம்மாதான்.

அப்புறம், மாலையில் அந்தப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள்.