புழக்கடையில் திரிவது எல்லாம் எலியா?

கேள்வி: திண்டிவனத்தை அடுத்த கிராமத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பின்பக்கம் நான்கு தென்னை, ஒரு வாழைக்கொத்து, துணி துவைக்கும் கல். மதிலுக்கு அப்பால் மணிலா (வேர்க்கடலை) பயிரிடும் புன்செய். எங்கள் பூனை சாம்பல் நிறக் குட்டி எலிகளைக் கொன்று தின்னாமல் வாசலில் போட்டுவிட்டுப் போகிறது. வாழையடியில் மண் குவித்த வளைகள் இருக்கின்றன. இளங்காய்கள் ஓட்டையோடு விழுகின்றன. இரவில் டார்ச் அடித்தால் மதிலோரம் ஒன்று தாவித் தாவி ஓடுகிறது. அதன் வால் நுனியில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. விறகுக் குவியலில் விரல் நீளத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே எலிதானா? மருந்து வைத்துவிடலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரே எலி அல்ல. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் ஐந்து வகைப் பிராணிகள் உங்கள் வீட்டைச் சுற்றிக் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றில் ஒன்று எலி இனமே இல்லை. மருந்துக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பூனை போட்டுவிட்டுப் போகும் பிராணியிலிருந்து தொடங்குகிறேன். அது மூஞ்சூறு. கூர்ந்து நீண்ட மூக்கு, அதற்கடியில் உள்ளடங்கிய வாய், இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குச் சிறிய கண், அடியில் தடித்து நுனியில் மெலியும் வால், அந்த வாலில் ஆங்காங்கே நீட்டிக்கொண்டு நிற்கும் தனி முடிகள். இவ்வளவும் உங்கள் முதல் படத்திலேயே தெரிகின்றன. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று இரண்டாவது படத்தில்தான் இருக்கிறது. முன்னங்கால் பாதத்தைப் பெரிதாக்கி விரல்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருக்கும். எலி, சுண்டெலி, பெருச்சாளி எதுவானாலும் முன்பாதத்தில் நான்கு விரல்கள்தான் தரையில் பதியும். கட்டைவிரல் வெறும் மொட்டாக நின்றுவிட்டிருக்கும். மூக்கு நசுங்கி, வால் அறுந்து, உடல் உப்பிக் கிடக்கும் செத்த பிராணியைக்கூட இந்த ஒரு கணக்கை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

வாயைத் திறந்து பார்த்தால் இன்னொரு வேறுபாடு. எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள்; அதன் பிறகு வெற்று இடைவெளி; பிறகு கடைவாய்ப் பற்கள். அந்த வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் எலி எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. மூஞ்சூறின் வாயில் அந்த இடைவெளி கிடையாது. வரிசையாக ஊசிப் பற்கள். கொறிக்கிற வாய் அல்ல அது, பூச்சியைக் கடித்து நொறுக்குகிற வாய். கரப்பான், பிள்ளைப்பூச்சி, மண்புழு, கம்பளிப்பூச்சி, கிடைத்தால் சமையலறை மிச்சம். உங்கள் நெல் மூட்டையிலும் துணி அலமாரியிலும் அதற்கு வேலையில்லை. பூனை ஏன் தின்பதில்லை என்றால், அதன் விலாப்புறத்தில் நாற்றச் சுரப்பிகள் இருக்கின்றன. கொன்ற பிறகுதான் பூனைக்கு அது தெரிகிறது போலும். ஆனாலும் மறுநாள் இன்னொன்றைக் கொல்கிறது.

இரவில் சுவரோரமாகக் கீச் கீச்சென்று சில்லறை குலுங்குவது போன்ற சத்தம் கேட்டால் அதுவும் மூஞ்சூறுதான். அதிர்ஷ்டம் இருந்தால் தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வ, அதன் பின்புறத்தை அடுத்தது கவ்வ, ஒரே வரிசையாக அவை போவதைக் காணலாம். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறா பெருச்சாளியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. உங்கள் புழக்கடையைப் பொறுத்தவரை மூஞ்சூறை விட்டுவையுங்கள். நாற்றம் பொறுக்கவில்லை என்றால் கதவுக்கு அடியில் உள்ள இடுக்கை அடைத்தால் போதும், வீட்டுக்குள் வராது.

வாழையடி விவகாரம் வேறு. வளை வாயில் ஆறேழு சென்டிமீட்டர் அகலம், வெளியே தள்ளிய புது மண் குவியல், சில வாய்கள் உள்ளிருந்தே மண்ணால் அடைபட்டிருப்பது: இது சிறு பெருச்சாளியின் கைவேலை. வயலெலி என்று குடியானவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். அகன்ற தலை, மொண்ணை மூக்கு, கரும்பழுப்பு முரட்டு மயிர். வால், தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிடக் குட்டையாக இருக்கும். மடக்கிப் பிடித்தால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். உங்கள் பக்கத்து இருளர்கள் அறுவடைக்குப் பின் வரப்பில் வளையை வெட்டி உள்ளிருந்து நெற்கதிர்களை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதிர்களைச் சேமித்து வைத்தது இதுதான். துவைக்கும் கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் வாழையடியை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. தோண்டுவதற்கு இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடையாது.

பெரிய பெருச்சாளி தனி இனம். ஒரு கிலோவைத் தொடும், சில சமயம் தாண்டவும் செய்யும். அதன் வளை வாய் ஏறக்குறைய இரட்டிப்பு அகலம். உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. சாயங்காலம் எல்லா வாய்களையும் ஈர மண்ணால் மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் குடியிருப்பு. சுற்றிலும் கோலமாவைத் தூவி வைத்தால் காலடித் தடமும் கிடைக்கும். முன்னால் நான்கு, பின்னால் ஐந்து என்று எண்ணிக்கொள்ளலாம். கல்மாவாக இருக்கட்டும். அரிசிமாவு தூவினால் தடத்துக்குப் பதில் காலித்தரைதான் மிஞ்சும். வளைக்குள் கையையோ வெறும் குச்சியையோ விட்டுத் துழாவாதீர்கள். எலி காலி செய்த வளையில் நாகமும் சாரையும் குடியேறுவது வழக்கம். எலி இருக்கும்போதே வருவதும் உண்டு.

தென்னையில் ஏறுவது வேறொருவர். ஓட்டை காம்பை ஒட்டிய பகுதியில், மென்மையான இடமாகப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. விழுவது மூன்று முதல் ஆறு மாதக் காய். வீட்டெலி என்னும் கறுப்பெலியின் கணக்கு இது. பெயர்தான் கறுப்பு, நம் ஊரில் பழுப்பு நிறத்தில், வெளுத்த வயிற்றோடும் இருக்கும். ஒல்லியான உடல், பெரிய காது, உடலைவிட நீண்ட வால். அந்த வால்தான் ஏறுவதற்குச் சமநிலை தருகிறது. குட்டைவால் சிறு பெருச்சாளி தரையைத் தோண்டும், நெடுவால் வீட்டெலி மேலே ஏறும் என்று நினைவில் வைத்தால் பாதி அடையாளம் காட்டிவிடலாம். இது மரத்தின் தலையிலேயே, மட்டைகளுக்கு நடுவில், கூடு கட்டி வாழும். மட்டைகள் ஒன்றோடொன்று உரசினால் தரைக்கே இறங்காமல் மரத்துக்கு மரம் போய்விடும். ஆகவே வாழையடியில் நீங்கள் என்ன வைத்தாலும் இளங்காய் விழுவது நிற்காது.

இதற்கு மருந்தைவிடத் தகரம் நல்லது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு வழுக்குத் தகடு ஒன்றை மரத்தைச் சுற்றி இறுக்குங்கள். மட்டைகள் கோத்துக்கொள்ளும் மரங்களில் அது வீண். அங்கே முதலில் உரசும் மட்டைகளைக் கழித்து, மரத்தலையிலுள்ள கூட்டையும் கலைக்கச் சொல்லுங்கள். காய்ந்த பன்னாடையும் பாளையும் சேர்ந்து கிடப்பதுதான் அதற்குக் கூரை.

மதிலோரம் தாவி ஓடுவது வெள்ளெலி. மணல் நிற முதுகு, பளிச்சென்ற வெள்ளை வயிறு, பெரிய கண், நீண்ட பின்னங்கால்கள், மயிர் அடர்ந்த நெடுவாலின் நுனியில் கறுப்புக் குஞ்சம். வீட்டெலியின் வால் செதிலோடு மொட்டையாக இருக்கும். குஞ்சத்தைக் கண்டபின் வேறு யோசனையே வேண்டாம். இது புன்செய் வாசி. மணிலா நிலத்தில் பல வாசல்கள் வைத்து வளை தோண்டும், இரவில் உங்கள் மதிலை வழியாகப் பயன்படுத்தும். மணிலா விதைத்த நாட்களில் நிலத்துக்காரர் இதைத் திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் காரணம் இல்லை.

கடைசியாக விறகுக் குவியல். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படமெடுத்தீர்கள், நல்ல காரியம். உடல் தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம். எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்: எலிக்குட்டியைச் சுண்டெலி என்பார்கள், சுண்டெலியை எலிக்குட்டி என்பார்கள். குட்டிக்குத் தலையும் பின்பாதமும் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். வளர்ந்த சுண்டெலிக்குத் தலையும் பாதமும் சிறியவை, காது மட்டும் பெரிது. உங்கள் படத்தில் பாதம் சிறியது, ஆகவே சுண்டெலி. வீட்டுச் சுண்டெலியின் வயிறு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். இதற்கு வயிறு சுத்த வெள்ளை, உடலும் குறள். வரப்புகளில் வாழும் வயல் சுண்டெலி என்பது என் முடிவு. விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்கினால் தானாக நகர்ந்துவிடும்.

பிராணி கண்ணில் படாதபோது புழுக்கையைப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி, இரு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி மெலிந்து வளைந்திருந்தால் வீட்டெலி. அதைவிடத் தடித்துப் பருத்திருந்தால் பெருச்சாளி வகை. காய்ந்த புழுக்கையை வெறும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கலந்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு அள்ளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் காலில் வெடிப்போடு நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். மழைக்காலத்தில் வாழையடியில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். இது மூஞ்சூறுக்கும் பொருந்தும். நண்பன்தான், ஆனாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

இனி மருந்து. உங்கள் வீட்டில் பூனை இருக்கிறது. அதுவே என் பதிலில் பாதி. புரோமடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்து, தின்ற எலியை உடனே அல்லாமல் சில நாள் கழித்துக் கொல்கின்றன. தள்ளாடித் திரியும் அந்த எலியைப் பூனையோ கூகையோ பிடித்துத் தின்றால் நஞ்சு அங்கேயும் போகிறது. சாவுக்குருவி என்று நாம் விரட்டும் கூகைதான் உங்கள் பக்கத்து வயல்களில் சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மனிதர் விழுங்கிவிட்டால் கல்லீரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒட்டுப் பலகையும் வேண்டாம். ஓணானும் பல்லியும் குருவியும் அதில் ஒட்டிக்கொண்டு சாகும், பெருச்சாளி பெரும்பாலும் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டியது இரண்டின் மீதுதான்: சிறு பெருச்சாளி, வீட்டெலி. வீட்டெலிக்குத் தகரம் சொன்னேன். சிறு பெருச்சாளிக்கு, துவைக்கும் தண்ணீரைக் குழாய் வழியாக வேறு பக்கம் திருப்புங்கள். விழுந்த காய், பழம், கோழித்தீனி எதையும் இரவில் தரையில் விடாதீர்கள். கம்பிக் கூண்டில் தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துப் பிடியுங்கள். எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம் அதிகம். முதல் சில இரவுகள் கூண்டைத் திறந்தபடியே வைத்து இரை மட்டும் போட்டு, பழகிய பிறகு பொறியை ஏற்றுங்கள். விடியற்காலையிலேயே கூண்டைப் பார்த்துவிடுங்கள். மூஞ்சூறு மாட்டியிருந்தால் உடனே திறந்துவிட வேண்டும். வெகுநேரம் பட்டினி கிடந்தால் செத்துப்போகும். வளைகள் அஸ்திவாரத்தை நோக்கிப் போகின்றனவா என்றும் பாருங்கள். போனால் ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் உள்ள கம்பிவலையை வைத்துச் சிமெண்ட் பூசி அடைப்பது அவசியம். அடைக்கும் முன் உள்ளே எதுவும் இல்லை என்பதை மண் மூடும் சோதனையால் உறுதி செய்துகொள்ளுங்கள். சுவருக்கடியில் செத்து நாறினால் பிறகு தரையைத்தான் உடைக்க வேண்டிவரும்.

கூண்டைத் திறக்கும்போது கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி எது தேவை என்பதை அங்கே மருத்துவர் முடிவு செய்வார்.