அமெரிக்க விமான நிலையச் சோதனை: அம்மா எங்கே மறுக்கலாம், எங்கே முடியாது?

கேள்வி: எழுபதை நெருங்கும் என் அம்மா, அமெரிக்காவில் இருக்கும் தங்கையைப் பார்க்க முதல் முறையாகத் தனியாகப் போகிறார். புடவைதான் கட்டுவார். உடம்பை ஊடுருவிப் படம் எடுக்கும் இயந்திரம், முகத்தைப் பதிவு செய்யும் கேமரா, போனை வாங்கிப் பார்ப்பது என்று கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது. 'படத்தைச் சேமிக்க மாட்டோம்' என்று அரசாங்கம் சொல்வதை நம்பலாமா? எதையாவது வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: யார் கேட்கும்போது வேண்டாம் என்கிறார் என்பதைப் பொறுத்தது. அம்மா இரண்டு துறைகளிடம் மாறி மாறி நிற்க வேண்டியிருக்கும். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது சி.பி.பி., அதாவது சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை. விமானம் ஏறும் முன் பையையும் உடம்பையும் சோதிப்பது டி.எஸ்.ஏ., போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். அங்கே இன்னொரு உள்நாட்டு விமானம் மாற வேண்டியிருந்தால், முதல் நாளே இரண்டையும் சந்திப்பார். டி.எஸ்.ஏ.விடம் சில விஷயங்களை மறுக்க இடம் உண்டு. சி.பி.பி.யிடம் வெளிநாட்டவருக்கு அந்த இடம் மிகக் குறைவு. அபுதாபி வழியாகப் போனால் இந்த இமிகிரேஷன் வேலை அங்கேயே முடிந்துவிடும், எனவே அங்கேயே தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்கேனர். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் வெடிபொருள் மறைத்துக் கொண்டுவந்த பிறகு, இந்த இயந்திரங்கள் வேகவேகமாக எல்லா இடத்திலும் வந்தன. அப்போதைய படத்தில் உடம்பின் வடிவம் ஏறக்குறைய அப்படியே தெரியும். சேமிக்கவே முடியாது என்று டி.எஸ்.ஏ. சொன்னது. ஆனால் சேமிக்கவும் அனுப்பவும் வசதி இருக்க வேண்டும் என்று இயந்திரம் வாங்கும்போது அவர்களே நிபந்தனை போட்டிருந்தது ஆவணங்களில் வெளிவந்தது. அது பரிசோதனைக்கு மட்டும், விமான நிலையத்தில் அணைத்துவைத்திருக்கிறோம் என்றார்கள். அதே 2010இல், ஃபுளோரிடாவின் ஒரு நீதிமன்ற வாசலில் இருந்த ஸ்கேனரில் சுமார் 35,000 படங்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அது டி.எஸ்.ஏ. அல்ல, வேறு அரசுத் துறை. ஆனாலும் மக்களுக்கு நம்பிக்கை போனது போனதுதான்.

நிலைமையை மாற்றியது வாக்குறுதிகள் அல்ல, சட்டம். தனி ஆளின் உருவம் தெரியாத மென்பொருள் கட்டாயம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் கெடு விதித்தது. எக்ஸ்ரே வகை இயந்திரங்களால் அதற்கு மாற முடியவில்லை. 2013 நடுப்பகுதிக்குள் அவற்றை அகற்றிவிட்டார்கள். இப்போது இருப்பது மில்லிமீட்டர் அலை வகை. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அதில் இல்லை. திரையில் வருவது எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம். ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தில் மஞ்சள் கட்டம் விழும். திரை பக்கத்திலேயே இருக்கும், அம்மாவும் எட்டிப் பார்க்கலாம். ஆகவே ஸ்கேனர் படத்தைப் பற்றிய கவலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

புடவையில் அந்தக் கட்டம் எங்கே விழும் என்று உங்களுக்கே தெரியும்: கொசுவம் செருகிய இடத்தில். கனமான கொண்டை, ஊக்கு, தடித்த நகை என்றாலும் விழலாம். பிறகு அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். 2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கரையே மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் இப்படித் தனியே அழைத்துச் சோதித்தார்கள். புடவைதான் காரணம் என்று செய்தி வந்தது, இந்தியா கண்டனம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட அப்துல் கலாமின் கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, அப்புறம் அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. குடியரசுத் தலைவராக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், நம் அம்மாவைச் சோதிப்பதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பயணத்தன்று மட்டும் சுடிதார் போட்டுக்கொள்ள அம்மா சம்மதித்தால் வேலை சுலபம். சம்மதிக்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். மெல்லிய புடவை, ஊக்கு குறைவு, அது போதும்.

கைச்சோதனையில் அவருக்கு உரிமைகள் உண்டு. பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். எங்கே தொடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றால் தனி அறை கேட்கலாம். ஸ்கேனரே வேண்டாம் என்றால், 'ஐ ஆப்ட் அவுட்' என்றால் போதும், அதற்குப் பதில் முழுக் கைச்சோதனை நடக்கும். 2015 டிசம்பர் முதல் சிலருக்கு மட்டும் அந்த விலக்கை மறுக்கும் அதிகாரத்தை டி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டது. போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' வரிசையாக அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை நிச்சயம், நேரத்தோடு போகச் சொல்லுங்கள். முழங்கால் மாற்று அறுவை, பேஸ்மேக்கர் இருந்தால் வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஷூவைக் கழற்றும் பொது விதி 2025 ஜூலையில் போய்விட்டது.

இவ்வளவு தொல்லைக்குப் பலன் உண்டா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2015இல் ரகசியமாக ஆள் அனுப்பிப் பார்த்த 70 சோதனைகளில் 67இல் தடைசெய்த பொருள்கள் உள்ளே போய்விட்டன என்ற செய்தி வந்தது. தற்காலிகத் தலைவரை மாற்றினார்கள். அதற்காக வரிசையில் நின்று வாதாடினால் விமானம்தான் போகும்.

அடுத்து முகக் கேமரா. இங்கேதான் பலரும் குழம்புவார்கள். டி.எஸ்.ஏ. அடையாளம் பார்க்கும் மேசையில் இருக்கும் கேமரா விருப்பத்துக்குரியது. 'நோ போட்டோ, ப்ளீஸ்' என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டலாம், வரிசையில் இடம் போகாது. அதேபோலத் தோற்றமளிக்கும் கேமரா இமிகிரேஷனிலும், திரும்பும்போது விமானம் ஏறும் கேட்டிலும் இருக்கும். அது சி.பி.பி.க்கானது. 2025 டிசம்பர் 26 முதல், அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத எல்லோரும் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் படம் எடுத்துக்கொண்டாக வேண்டும். முன்பு முதியவர்களுக்கு இருந்த வயது விலக்கும் எடுக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டவர் படத்தை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம் என்பது அவர்கள் விதி. 2019இல் ஒரு ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து பயணிகளின் படங்கள் திருடு போயின. எனவே 'சேமிக்க மாட்டோம்' என்பதை ஸ்கேனரில் நம்பலாம், சி.பி.பி. கேமராவைப் பொறுத்தவரை அப்படி யாரும் சொல்லவே இல்லை.

கடைசியாகப் போன். 2024 நிதியாண்டில் சி.பி.பி. சோதித்த கருவிகள் சுமார் 47,000. எல்லைச் சாவடிகள் வழியாக வந்தவர்கள் 42 கோடி. வாய்ப்பு மிகக் குறைவுதான், ஆனால் கேட்டால் அம்மாவின் நிலை பலவீனமானது. குடிமகன் மறுத்தால் போன் மட்டும் மாட்டும். விசிட்டர் விசாவில் வந்தவர் மறுத்தால் உள்ளே விடாமலே அனுப்பலாம். அதனால் மறுப்பதைவிட, கொண்டுபோவதைக் குறைப்பதே புத்தி.

குடும்ப வாட்ஸ்அப் குழுவைத்தான் முதலில் பாருங்கள். யாரோ அனுப்பும் அரசியல் வீடியோவும் வன்முறைக் காட்சியும் தானாகவே அம்மாவின் கேலரியில் இறங்கிக் கிடக்கும். தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, பழையதை அழித்துவிடுங்கள். போனை ஒரேயடியாகக் காலி செய்ய வேண்டாம், அதுவே கேள்வியைக் கிளப்பும். விதிப்படி அவர்கள் பார்க்க வேண்டியது போனுக்குள் இருப்பதை மட்டுமே, இணையத்தில் சேமித்திருப்பதை அல்ல. வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

தங்கையின் முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள். முகவரி காட்டப் போனைத் திறந்து நீட்டுவதே தேவையில்லாத வம்பு. எத்தனை நாள் தங்குவார் என்பதற்கு அம்மாவும் தங்கையும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லட்டும். அங்கே அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம்.

ஒவ்வொரு பயணத்திலும் அம்மாவையே ஓரம் கட்டினால், பெயர்க் குழப்பமாக இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ட்ரிப்' என்ற குறைதீர் திட்டத்தில் இணையத்திலேயே மனு கொடுக்கலாம். அவர்கள் தரும் எண்ணை அடுத்த டிக்கெட் எடுக்கும்போது சேர்த்துவிடுங்கள்.