லிவர்பூல் தீர்ப்பு ஒத்தக்கடை வரை வருமா?

சட்டம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: ஐயா, திருமங்கலம் பக்கத்தில் அப்பா ஆரம்பித்த சிறிய ஸ்பின்னிங் மில்லை நானும் அண்ணனும் நடத்துகிறோம். வெளிநாட்டுப் பஞ்சு 300 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டோம். விலை இறங்கியதும் எல்.சி. (பேங்க் தரும் பண உத்தரவாதக் கடிதம்) திறக்காமல் விட்டுவிட்டோம். லிவர்பூலில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) என்று மெயில்கள் வந்தன, பதில் போடவில்லை. போன வருடம் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு. இப்போது ஐகோர்ட் மதுரைக் கிளையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "வெள்ளைக்காரன் ஊர்த் தீர்ப்பு இங்கே செல்லாது, விட்டுத் தள்ளுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பஞ்சே வராதபோது எதற்குப் பணம் கட்ட வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்)

பதில்: செல்லும். அந்தப் பேச்சை நம்பி ஐகோர்ட் வாய்தாவையும் தவற விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஒருவருக்கொருவர் மதித்து நடக்க நாடுகள் 1958-ல் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1960-ல் அதை உறுதி செய்தது. நம்முடைய 1996-ஆம் வருடத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் இரண்டாம் பகுதி அதற்காகவே இருக்கிறது. எந்தெந்த நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லும் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். இங்கிலாந்து அதில் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு இந்த மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாது, நேரே ஐகோர்ட்தான். அதனால்தான் மதுரைக் கிளை இருக்கும் ஒத்தக்கடையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது.

பஞ்சு வராததற்கு எதற்குப் பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்து மில்காரர்கள் எல்லாருமே என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் லிவர்பூலில் இருக்கும் சர்வதேசப் பஞ்சுச் சங்கத்தின் (ஐ.சி.ஏ.) விதிகள் பொருந்தும் என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அந்த விதிப்படி, நிறைவேறாத ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. ஒப்பந்த விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் திரும்ப பில் போட்டுக் கணக்கை முடிப்பார்கள். ஒரு பவுண்டு எடை 90 சென்ட்டுக்குப் பேசிய பஞ்சு 70-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டன்னுக்கு வித்தியாசம் மட்டும் சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் டாலர் வரும். 2011 மார்ச்சில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டி ஏறியது. அந்த வருடம் முடிவதற்குள் 1 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. அப்போது பல நாட்டு மில்கள் இந்த விதியில்தான் மாட்டின.

சரி, ஐகோர்ட்டில் என்ன சொல்லலாம்? கணக்கு தப்பு, விலை அநியாயம், நடுவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதெல்லாம் எடுபடாது. வெளிநாட்டுத் தீர்ப்பின் நியாய அநியாயத்தை இங்கே மறுபடி அலச முடியாது என்று ஒரு கோதுமை வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-ல் விஜய் காரியா வழக்கில் தீர்ப்பைத் தடுக்க வந்தவர்கள் தோற்றதோடு, 50 லட்ச ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது. தீர்ப்பை மறுக்க அந்த 1996 சட்டத்தின் 48-ஆம் பிரிவில் இருக்கும் காரணங்கள் குறைவு: ஒப்பந்தமே செல்லாதது, முறையான நோட்டீஸ் வரவில்லை, ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டித் தீர்ப்பு சொன்னார்கள், நடுவர்களை ஒப்பந்தப்படி நியமிக்கவில்லை, அந்த ஊர் நீதிமன்றமே தீர்ப்பை ரத்து செய்துவிட்டது, நம் நாட்டின் பொதுக் கொள்கைக்கு விரோதம். இப்படிச் சில. அதையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

நோட்டீஸ் வரவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மில் முதலாளியும் அதையே சொன்னார். நானும் நம்பி எதிருரை தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டியது. அவருடைய ஆபீஸ் கிளார்க் அனுப்பிய பதில் மெயில்: "எம்.டி. பழனி போயிருக்கிறார், திங்கட்கிழமை பேசுகிறோம்." அதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. முதல் மெயில் வந்த அன்றே அவர் என்னிடம் வந்திருந்தால், நடுவர் முன்னால் வாதாடித் தொகையைப் பாதியாவது குறைத்திருக்கலாம். அது இன்றுவரை எனக்கு வருத்தம்தான். தயவுசெய்து கோர்ட்டில் பொய் சொல்லாதீர்கள். மெயில் வந்தது என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஒப்பந்தம், எல்லா மெயில்கள், தீர்ப்பின் நகல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, இந்த வேலை தெரிந்த வக்கீலிடம் வக்காலத்துக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார் என்று முதலில் பாருங்கள். புரோக்கர் மட்டும் கையெழுத்திட்டு, நீங்கள் எந்த வகையிலும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் அது உண்மையான எதிர்வாதம். தீர்ப்பையே ரத்து செய்யும் அதிகாரம் இங்கிலாந்து நீதிமன்றத்துக்குத்தான். அங்கே அதற்கான கெடு 28 நாள்; போன வருடத் தீர்ப்புக்கு அது முடிந்திருக்கும்.

இங்கே ஐகோர்ட் ஏற்றுக்கொண்டால் அது அந்தக் கோர்ட்டின் டிக்ரி மாதிரியே ஆகிவிடும். அப்புறம் பேங்க் கணக்கு, மெஷின், இடம் எல்லாம் ஜப்திக்கு உட்பட்டவை. அந்த உத்தரவுக்கு எதிராக இந்தச் சட்டத்தில் அப்பீலும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே எதிருரை போடும்போதே தவணைப் பேச்சையும் தொடங்குங்கள். ஜப்திக்கு அலைவதைவிட மூன்று, நான்கு தவணையில் கைக்கு வரும் பணத்தை விற்றவர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். தீர்ப்புக்குப் பணம் கட்டாதவர்களின் பெயரை அந்தப் பஞ்சுச் சங்கம் பட்டியலில் வெளியிடுகிறது. சமரசம் எழுதும்போது அதிலிருந்து மில்லின் பெயரை எடுக்கவும் ஒரு ஷரத்து போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கும் நீங்கள் பஞ்சு வாங்க வேண்டும்.

கேள்வி: மலேசிய வியாபாரிக்கு ஏலக்காய் அனுப்பி பணம் வரவில்லை. சென்னையில் நடந்த ஆர்பிட்ரேஷனில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அவருக்கு இந்தியாவில் சொத்து இல்லை. என்ன செய்வது?
(வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: மலேசியாவும் அதே நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கிறது. அங்குள்ள வக்கீல் மூலம் அந்த நாட்டு ஐகோர்ட்டில் மனுப் போடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலும் ஆர்பிட்ரேஷன் ஷரத்து உள்ள ஒப்பந்தமும் கட்டாயம் வேண்டும். செலவு செய்வதற்கு முன் அவருக்கு அங்கே கடை, கிடங்கு, பேங்க் கணக்கு என்று எதாவது இருக்கிறதா என விசாரித்துவிடுங்கள்.