சைட்டை விற்று விமானம் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது, ஐடி வேலை. பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் வார இறுதிகளில் பயிற்சி எடுத்து, சொந்த உபயோகத்துக்கு விமானம் ஓட்டும் பிபிஎல் லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது ஓசூர் பக்கம் இருக்கும் எங்கள் சைட்டை (வீட்டுமனையை) விற்று செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்று வாங்கலாம் என்கிறார். அமெரிக்காவில் வாத்தியார்கூட சொந்த விமானம் வைத்திருக்கிறார், வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார். என் மாமியாரோ இதெல்லாம் ஊதாரித்தனம் என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கணவர் பறப்பது ஊதாரித்தனம் இல்லை சகோதரி, இதை உங்கள் மாமியாரிடமும் சொல்லுங்கள். குறைந்தது 40 மணி நேரம் பறந்து, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ நடத்தும் பரீட்சை எழுதி, மருத்துவச் சோதனையும் தேறி வாங்குகிற லைசென்ஸ் அது. வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு அதை முடித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சைட்டை விற்றுத் தனியாக ஒரு விமானம் வாங்குவது வேண்டாம்.

அமெரிக்க உதாரணம் இங்கே ஒட்டாது. அங்கே பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்களே ஐயாயிரம் வரை இருக்கின்றன. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955இல், இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதனால் அங்கே பழைய விமானம், உதிரி பாகம், மெக்கானிக், இந்த மாதிரி சிறு விமானங்களுக்கான அவ்கேஸ் பெட்ரோல் எல்லாமே சின்ன ஊரில்கூடக் கிடைக்கும். நம் நாட்டில் அவ்கேஸ் கிடைக்கும் இடங்களே குறைவு, 2022இல்தான் இந்தியன் ஆயில் அதை உள்நாட்டில் தயாரித்து விற்க ஆரம்பித்தது. பல பயிற்சிப் பள்ளிகள் ஜெட் எரிபொருளில் ஓடும் டயமண்ட் விமானங்களுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். வரியையும் பாருங்கள், சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி.

சரி, எப்படியோ வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அப்புறம் வருவதுதான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை. நிறுத்தும் இடத்துக்கு வாடகை, இன்சூரன்ஸ், வருடா வருடம் பறக்கும் தகுதிக்கான சான்றிதழ், அதற்கு முந்தைய பரிசோதனை, இதெல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு. எஞ்சினை 2000 மணி நேரத்துக்கு ஒருமுறையோ 12 வருடத்துக்கு ஒருமுறையோ முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது அந்த எஞ்சினைத் தயாரிக்கும் லைகமிங் கம்பெனியின் பரிந்துரை. பறக்காமல் நின்றால் எஞ்சினுக்குள் துருப் பிடிக்கும், ஓட்டுகிறவருக்கும் கை மறந்துபோகும். நான் பயப்படுவது இதற்குத்தான். சைட்டை விற்ற பணமெல்லாம் வாங்குவதிலேயே தீர்ந்துபோனால், அடுத்த ரிப்பேரை ‘அடுத்த மாதம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளத் தோன்றும், ஆகாயத்தில் அந்தப் பழக்கம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

பெங்களூரில் வேலைக்குப் போகிற ஒருவரால் வருடத்துக்கு எத்தனை மணி பறக்க முடியும்? கருவிகளை நம்பாமல் வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவது பகலில் மட்டும்தான், டிசம்பர் ஜனவரி காலையில் பனிமூட்டம், மழைக்காலத்தில் தாழ்ந்த மேகம், பக்கத்திலேயே எலகங்கா விமானப்படைத் தளம் இருப்பதால் நினைத்தபடி பறக்கவும் முடியாது. வெளியூர் போவதென்றால் ஒவ்வொரு முறையும் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். வருடத்துக்கு நூறு மணியாவது பறந்தால்தான் சொந்த விமானத்துக்குக் கணக்கு கட்டும் என்பது என் கருத்து. அவ்வளவு பறப்பது அவரால் ஆகாது.

வாடகை யோசனையும் நடக்காது, தனியார் வகையில் பதிவான விமானத்தை வாடகைக்கு விட விதி இடம் தராது. பிபிஎல் வைத்திருப்பவர் காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றிப் போகவும் கூடாது.

இப்போதைக்கு பறக்கும் கிளப்பின் விமானத்தில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பறக்கட்டும். மாதா மாதம் அதற்கென்று ஒரு தொகையை நீங்களே ஒதுக்கிக் கொடுங்கள், அதில் கை வைக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை, கூட மூன்று பேர் சேர்கிறார்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் பங்குக்கு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் சைட் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சொந்த விமானம் இருந்தால் பெங்களூரிலிருந்து கோவைக்கு அடிக்கடி போய்வர நேரம் மிச்சம்தானே?
– வாசகர், ஜாலஹள்ளி

பதில்: செஸ்னா 172இல் ஒரு வழிக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல், பெட்ரோல் நாற்பது லிட்டரைச் சுற்றி. ஆனால் அதில் நான்கு இருக்கை இருந்தாலும், டேங்க் நிரப்பி நான்கு பெரியவர்களை ஏற்றினால் பெரும்பாலும் எடை மீறிவிடும். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் வெயில் நேரத்தில் மேலேறவே சிரமப்படும். வழியில் சத்தியமங்கலம் மலைகளை மேகம் மூடினால் அன்றைக்குப் பயணமே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய காரியமென்றால் ரயிலில் டிக்கெட் போட்டுவிடுங்கள்.